சாம்பிள் குண்டான்

பாண்டியம்மாளுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கத்திதான் பேசும். அன்று காலை ஏழு மணிக்கு அவள் பீன்ஸ் நறுக்க ஆரம்பித்த சத்தம் கேன்டீன் சுவரைத் தாண்டி கட்டிங் மேஜை வரைக்கும் கேட்டது. ஒவ்வொரு வெட்டும் மேனேஜர் வேல்குமாரின் கழுத்துக்குப் போக வேண்டியது. பாவம், பீன்ஸ் வாங்கிக் கட்டிக்கொண்டது.

திருப்பூர் மண்ணரையில் இருந்த அந்த பனியன் கம்பெனியில் இருநூற்றிருபது பேருக்கு மதியச் சாப்பாடு ஆக்கிப்போடுவது அவள் வேலை. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், பதினொரு வருஷமாக அதே அடுப்படியில் நிற்கிறாள். இத்தனை வருஷத்தில் இந்த மாதிரிக் காய் அவள் பலகைக்கு வந்ததே கிடையாது. முற்றாத பீன்ஸ், மண் ஒட்டிய ஊட்டி கேரட், பச்சைப் பட்டாணி, கட்டுக்கட்டாகக் கறிவேப்பிலை. எல்லாம் எதற்கு? துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் ஆடிட்டுக்கு வருகிறாளாம். தொழிலாளிக்கு என்ன சோறு போடுகிறார்கள் என்று பார்ப்பாளாம். பார்க்க வருகிறவள் கண்ணுக்குக் கேரட், உழைக்கிறவன் வயிற்றுக்குக் குருணை என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேன்டீன் போர்டில் செவ்வாய்க்கும் புதனுக்கும் நேராக ‘காய்கறி சாமைக் கிச்சடி’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். எழுத்து மட்டும்தான் அழகு. குண்டானுக்குள் இருப்பது குருணை அரிசி, மஞ்சள் தூள், தேடினால் அகப்படுகிற சுரைக்காய். சாமையை அந்தக் குண்டான் கண்ணால் கண்டதில்லை. ஸ்டோரில் நஞ்சப்பன் எதை அளந்து கொடுக்கிறாரோ அதைத்தான் அவள் ஆக்க முடியும். கேட்டால் நஞ்சப்பன் மேலே கையைக் காட்டுவார். மேலே வேல்குமார் இருந்தார்.

முன்பெல்லாம் இதற்காக அவள் இவ்வளவு கொதித்ததில்லை. கொடுத்ததை ஆக்கினோமா, பாத்திரத்தைக் கவிழ்த்தோமா, போனோமா என்றுதான் இருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் மகள் நதியா செக்கிங் மேஜையிலேயே மயங்கி விழுந்தாள். நதியா அதே கம்பெனியில் நான்கு வருஷமாகத் தைத்த துணியைக் குறை பார்க்கும் பெண். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் ஏழுதான் இருக்கிறது, இந்த வயசுக்கு இது ரொம்பக் கம்மி என்றார்கள். மதியம் என்னம்மா சாப்பிடுகிறாய் என்று டாக்டர் கேட்டார். கம்பெனிச் சாப்பாடு என்றாள் நதியா. அப்படி என்னத்தைத்தான் அங்கே ஆக்கிப்போடுகிறார்கள், காய், பருப்பு எதுவும் கிடையாதா, யார் சமைக்கிறது என்று டாக்டர் சலித்துக்கொண்டார். சமைக்கிறவள் பக்கத்து ஸ்டூலில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் தலைக்குனிவை அவளால் மறக்க முடியவில்லை. தன் கையால் ஆக்கித் தன் மகளையே காயப் போட்டிருக்கிறோம் என்பது அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. மறுநாளே வேல்குமாரிடம் போய், பெரிதாக ஒன்றும் வேண்டாம், வாரத்தில் நான்கு நாள் பருப்பும் ஒரு நல்ல காயும் கொடுங்கள் என்று கேட்டாள். வேல்குமார் எழுந்து நின்று கும்பிடாத குறையாக, பாக்கலாமுங்க என்றார். அடுத்த வாரம் கேட்டாள். பாக்கலாமுங்க. எட்டு வாரமும் பாக்கலாமுங்க. அந்த மனுஷனோடு சண்டை போடக்கூட வழியில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் மரியாதை சேர்த்து, குரலை ஒரு இழை உயர்த்தாமல், ஆளை நடுத்தெருவில் நிற்க வைத்துவிடுவார்.

அந்த வேல்குமார்தான் போன சனிக்கிழமை அவளை ஏசி ரூமுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே ஏதோ வில்லங்கம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திருப்பூரில் துணி எப்படிப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பையருக்கு முதலில் ஒரே ஒரு பீஸ் தைத்துக் காட்டுவார்கள். அதுதான் சாம்பிள். அவன் பிடித்திருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த பீஸ் செக்கிங் மேஜைக்கு மேலே தொங்கும். பின்னால் தைக்கிற ஆயிரமோ லட்சமோ, அதற்குப் பெயர் பல்க், அத்தனையும் அந்த சாம்பிள் மாதிரியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிஜெக்ட். இருபத்திரண்டு வருஷமாக வேல்குமாருக்கு இந்த ஒரு வழிதான் தெரியும். தன் வீட்டுக் கல்யாணத்தைக்கூட அவர் இப்படித்தான் நடத்தியிருப்பார். கிச்சடியையும் அந்தக் கணக்கிலேயே யோசித்து வைத்திருந்தார்.

பத்துப் பேர் சாப்பிடுகிற அளவுக்கு ஒரு நல்ல குண்டான். அதில் நிஜமான சாமை, பாசிப்பருப்பு, காய், நெய். மற்றவர்களுக்கு வழக்கமான பெரிய குண்டான். ஒரு கார்டு வேறு டைப் அடித்திருந்தார். தலைக்குச் சாமை அறுபது கிராம், பருப்பு இருபது, காய்கறி எண்பது, நெய் ஒரு கரண்டி என்று போட்டு, கடைசியில், துணிக்கு நிறம் குறிப்பது போல, ‘ஷேடு: மஞ்சள்’ என்று முடித்திருந்தார்.

“ஏனுங்க பாண்டியம்மா, சாம்பிள் குண்டான் வேறங்க, பல்க் குண்டான் வேறங்க. ஷேடு மட்டும் ஒண்ணா இருக்கட்டும். தூரத்துல இருந்து பாத்தா வித்தியாசம் தெரியக்கூடாதுங்க, சரீங்களா?”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவள்தான், செவ்வாய்க்கிழமை காலையில் பீன்ஸைப் போட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டோரில் இரண்டு மூட்டை சாமையும் ஒரு மூட்டை பாசிப்பருப்பும் கூடை கூடையாகக் காயும் ஆடிட்டர் கண்ணில் படும்படி அடுக்கியிருந்தார்கள். எல்லாம் வேல்குமாருடைய மச்சானின் பல்லடம் ரோட்டுக் கடையிலிருந்து இரவலாக வந்தவை. ஆடிட் முடிந்ததும் திரும்பப் போய்விடும். சோற்றுக்குப் போகிற காயைக்கூட இரவல் வாங்கி வேடிக்கை காட்டலாம் என்று இவர்களுக்குத்தான் தோன்றும்.

சாமையை நான்கு தண்ணீர் விட்டுக் களைந்து வடிகட்டியில் போட்டாள். பாசிப்பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்தாள். கடலெண்ணெயில் கடுகும் சீரகமும் மிளகும் பொரிந்ததும் இஞ்சி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், தக்காளி என்று ஒவ்வொன்றாக வதக்கி, காயைக் கொட்டி ஒரு புரட்டுப் புரட்டினாள். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். அது தளதளவென்று கொதித்த பிறகுதான் சாமையும் பருப்பும் உள்ளே போக வேண்டும். முன்னாலேயே போட்டால் கூழாகிவிடும். மூடி போட்டுத் தீயை இறக்கினாள். கோபத்தில் செய்தாலும் கை தன் வேலையை மறக்கவில்லை. மூடியைத் திறந்தபோது பூப்பூவாக மலர்ந்திருந்தது. வாசனைக்குத் தையல் லைனில் நாலைந்து தலைகள் திரும்பின. இவ்வளவு நன்றாக வந்து தொலைந்திருக்கிறதே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது. பக்கத்தில் பெரிய குண்டானில் குருணை மஞ்சள் தண்ணீரில் கிடந்து கொதித்தது.

ஆடிட்டர் அனுசுயா என்ற பெண். சென்னைக்காரி, கறாராகத்தான் இருந்தாள். தையல் மிஷினில் ஊசிக் கவசம் இருக்கிறதா, தீயணைக்கும் சிலிண்டரில் தேதி இருக்கிறதா, கக்கூஸில் தண்ணீர் வருகிறதா என்று ஒன்று விடாமல் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்துக்கு வேல்குமார் அவளைக் கேன்டீன் முகப்பில் விரிப்புப் போட்ட மேஜைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கூட உட்கார ஆறு தொழிலாளிகளையும் அவரே பொறுக்கி வைத்திருந்தார். ஆறு பேரும் செக்கிங் பெண்கள். சுத்தமாக உடுத்துவார்கள், சொன்னதைச் சொல்வார்கள் என்பது அவர் எண்ணம். அதில் நதியாவும் ஒருத்தி.

மகள் தட்டில் பாண்டியம்மாள்தான் பரிமாறினாள். ஒரு கரண்டி கூடவே வைத்தாள். நதியா தலை நிமிராமல் வழித்து வழித்துச் சாப்பிட்டாள். ஹாலின் அந்தக் கோடியில் மற்றவர்கள் மஞ்சள் குருணையை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். ஷேடு அச்சு அசலாகப் பொருந்தியிருந்தது.

இந்தச் சாப்பாடு எப்போதாவதா, தினமுமா என்று அனுசுயா நதியாவைப் பார்த்துக் கேட்டாள். வாரத்துக்கு இரண்டு நாள் இந்தக் கிச்சடிதான், மற்ற நாளும் இதே மாதிரிக் காய் பருப்போடுதான் இருக்கும் என்று நதியா கண் சிமிட்டாமல் சொன்னாள். கையில் கரண்டியோடு நின்ற தாய்க்கு அது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வேல்குமாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. டைப் அடித்த கார்டை நீட்டி, மேடம் ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா கேன்டீன்லயே மாட்டீருவமுங்க என்றார். அனுசுயா வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவள் கார் கேட்டைத் தாண்டுவதற்குள் கார்டைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுப் பரிமாறும் மேஜைக்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் லைன் வீட்டுக்குத் திரும்பியதும் பாண்டியம்மாள் மகளைப் பிடித்துக்கொண்டாள். ரத்தமில்லாமல் விழுந்து கிடந்தவள், கேட்க வந்த ஒருத்தியிடம் பச்சைப் பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாயே, உனக்கு மானம் ரோஷம் கிடையாதா, ஒரு தட்டுக் கிச்சடிக்கு வாயை விற்றுவிட்டாயா என்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். நதியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

“நெசத்தச் சொன்னா அந்தம்மா எழுதிட்டுப் போயிரும். ஆர்டர் நின்னு போகும், லைனை மூடுவாங்க. நாளைக்கு அந்தம்மா வேற ஊருல இருக்கும், நாமதானம்மா இங்க இருக்கணும்.”

பாண்டியம்மாளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள்.

புதன்கிழமை காலை நஞ்சப்பன் வழக்கம்போலக் குருணையை அளந்து, இரண்டு சுரைக்காயை உருட்டிவிட்டார். காய்க்கூடைகளும் சாமை, பருப்பு மூட்டைகளும் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தன. மத்தியானம் ஆட்டோ வந்து ஏற்றிக்கொண்டு போகுமாம். கேரட்டில் கொஞ்சமாவது கொடுங்கள் என்று கேட்டாள். கடைக்கு எண்ணித் திருப்பிக் கொடுக்கணுமுங்க என்றார் நஞ்சப்பன். பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். குருணை வெந்தது.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. வரிசையில் முதல் ஆளாக நதியா நின்றாள். முந்தின நாள் ஏச்சு மனதில் இருந்ததால் பாண்டியம்மாள் முகம் பார்க்காமலே தட்டில் கரண்டியைக் கவிழ்த்தாள். நதியா நகரவில்லை. தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலே தொங்கிய கார்டைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள். பிறகு மேல்கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் செக்கிங் பெண்கள் அந்த இடத்தைக் காட்ட ஒட்டுகிற சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். ஒன்றைக் கிழித்துத் தட்டின் விளிம்பில், அம்பு சோற்றைப் பார்க்கிற மாதிரி ஒட்டி, தட்டை மேஜையில் திரும்ப வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அடுத்தவள் வாங்கினாள், பார்த்தாள், ஒட்டினாள், வைத்தாள். அதற்கடுத்தவளும் அப்படியே. நேற்று விரிப்புப் போட்ட மேஜையில் உட்கார்ந்த ஆறு பேரும் முடிந்து, செக்கிங் செக்‌ஷன் முழுக்க முப்பத்துநான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒரு சத்தமில்லை, கோஷமில்லை. தினமும் எட்டு மணி நேரம் செய்கிற வேலையைத்தான் செய்தார்கள். பின்னால் நின்ற டெய்லர்கள் எட்டிப் பார்த்தார்கள். இஸ்திரி போடுகிற வடநாட்டுப் பையன்கள் விஷயம் புரிந்ததும் ஸ்டிக்கர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பாண்டியம்மாளுக்கு முதலில் வந்தது அவமானம்தான். ஆக்கிய சோற்றை முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தால் எந்தச் சமையல்காரிக்குத் தாங்கும்? அதுவும் பெற்ற மகள் முதல் தட்டு. கரண்டியாலேயே ஒன்று வைக்கலாமா என்றுகூட வந்தது. பிறகு மேஜையில் வரிசையாகக் கிடந்த தட்டுகளைப் பார்த்தாள். எந்த அம்பும் அவளைக் காட்டவில்லை. எல்லாம் கேரட் இல்லாத, பருப்பு இல்லாத, வெறும் மஞ்சளைக் காட்டின. கார்டில் கையெழுத்து விழ வழிசெய்த மகளின் நேற்றைய பொய்க்கு இன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது. வாயை விற்றாயா என்று கேட்ட வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வேல்குமார் படியிறங்கி ஓடிவந்தார். ஐந்து மணிக்குத் தூத்துக்குடி போகிற கன்டெய்னர் வாசலில் நின்றது. இந்தப் பெண்கள் செக்கிங் முடிக்காமல் ஒரு பெட்டி ஏறாது. என்னுங்க கண்ணு இது என்று நதியாவிடம் கேட்டபோதும் அவர் குரலில் மரியாதை குறையவில்லை.

“சாம்பிளுக்கு மேட்ச் ஆகல சார்,” என்றாள் நதியா.

சோறு என்ன துணியா, சோற்றுக்கு எதற்கு சாம்பிள் என்றார் அவர். கார்டு போட்டது நீங்கள்தானே, சாம்பிளை எங்களுக்கு நேற்றுத் தட்டிலேயே காட்டினீர்களே, மேட்ச் ஆகாத பல்க்கை பாஸ் பண்ணினால் எங்களைத்தானே ஏசுவீர்கள் என்று அவள் கேட்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். வேல்குமாரின் காது சிவந்தது. மேலே தொங்கிய கார்டைக் கழற்றலாமா என்று ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கையெழுத்தின் நகல் நேற்றே பையருக்கு மெயிலில் போயிருந்தது. அதை அனுப்பியவரும் அவர்தான்.

அவர் பாண்டியம்மாள் பக்கம் திரும்பினார். பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் பேசினார்.

“உங்க புள்ளைகிட்ட நல்லபடியா சொல்லுங்க. அது உக்காந்து சாப்பிட்டா எல்லாரும் சாப்பிடுவாங்க. இல்லீன்னா நாளைக்கு ரெண்டு பேரும் வர வேண்டாமுங்க.”

எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். உட்கார்ந்து தின்னுடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை மிஞ்சும், வாடகை மிஞ்சும். ஆஸ்பத்திரி ஸ்டூலில் குனிந்த தலை மட்டும் நிமிராது. பாண்டியம்மாள் முன்னால் கிடந்த தட்டை எடுத்தாள். நதியா கையிலிருந்த தாளில் ஒரு ஸ்டிக்கரைக் கிழித்தாள்.

“ஆக்குன நானே சொல்லுதேன் சார். இது ரிஜெக்ட்டு. ஸ்டோர் சாவியக் குடுங்க.”

பெரிய குண்டானின் நெற்றியில் அந்த அம்பை ஒட்டினாள். வேல்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வாசலில் நின்ற கன்டெய்னரைப் பார்த்தார், நகராமல் நின்ற இருநூறு பேரைப் பார்த்தார். இன்னொரு தடவை பாக்கலாமுங்க என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் நஞ்சப்பனைக் கூப்பிட்டார்.

அதன்பிறகு அந்தக் கேன்டீனில் நடந்ததை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூடைகள் வந்து விழுந்தன. செக்கிங் பெண்கள் கேரட் சீவினார்கள். கட்டிங் மாஸ்டர்கள் தங்கள் மேஜையைத் துடைத்து பீன்ஸ் நறுக்கினார்கள். வடநாட்டுப் பையன்கள் பட்டாணி உரித்தார்கள், உரித்ததில் பாதியைப் பச்சையாகவே தின்றார்கள். மூன்று அடுப்பிலும் தீ எரிந்தது. பாண்டியம்மாள் மூன்றுக்கும் நடுவே நின்று, தண்ணீர் கொதிக்கட்டும், இப்போது பருப்பு, இப்போது சாமை, மூடு, தீயைக் குறை என்று அதட்டிக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் அவள் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. ஒதுக்கிய குருணையைக் கொட்ட விடவில்லை. பக்கத்து மாட்டுத் தொழுவத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

ஒன்றரை மணிக்கு முதல் தட்டு போயிற்று. நெய் போதவில்லை, மற்றபடி கார்டில் இருந்த அத்தனையும் இருந்தது. கரண்டி படும் சத்தம் மட்டும் கேட்டது. நதியா சுவரோரமாக உட்கார்ந்து, சாமையைக் காயோடு சேர்த்துப் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பாண்டியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வேல்குமாரும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார். பசியோ, கன்டெய்னர் தப்பித்த நிம்மதியோ, இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டார். அருமையா இருக்குதுங்க என்றார். இனிமேல் செவ்வாயும் புதனும் இதே மாதிரி செய்துவிடலாம், நஞ்சப்பனிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். நடந்ததெல்லாம் தன் யோசனை என்பது போல முகம் மலர்ந்திருந்தது.

“இப்ப சந்தோசந்தானுங்களே பாண்டியம்மா?”

பாண்டியம்மாள் அவரைப் பார்த்தாள். அப்படி ஒரு கோபம் காலையில் இல்லை, நேற்று இல்லை, ஆஸ்பத்திரியில்கூட இல்லை. கரண்டியைக் கீழே வைத்தால்தான் பேச முடியும் போலிருந்தது. வைத்தாள்.

“பதினோரு வருசமா இது முடியாதுன்னுதான் சார் நான் நெனச்சிருந்தேன். சாவி வாங்கி மொதத் தட்டு போட ஒரு மணி நேரம் ஆகல. இம்புட்டுத்தானா சார்?”

வேல்குமார் வாயில் இருந்ததை விழுங்க மறந்து நின்றார். அவள் கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். வரிசையில் இன்னும் நாற்பது பேர் தட்டோடு நின்றார்கள்.